நாத்தனாருக்காகக் குறைத்த வோல்ட்

படக்காரிக்கும் அவள் நாத்தனாருக்கும் இந்த உலகத்தில் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். இருவரில் ஒருத்தி அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். யார் போவது என்பதில்தான் தகராறு. வீடு மாமனார் விட்டுப் போனது. மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. ஆகவே எவளும் எவளையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள முடியாது. தள்ள முடியாத ஆளை வாயால்தான் துரத்த வேண்டும். இருவரும் அதைச் சோம்பலில்லாமல் செய்து வந்தார்கள்.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கட்டியவனோடு ஒத்துவராமல், "ரெண்டு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பெட்டியோடு வந்தவள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை என்று படக்காரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள், நாத்தனார் காதில் விழும்படி. "எங்கப்பா வீட்டுல நான் இருக்கறதுக்கு நேத்து வந்தவ கணக்குப் பாக்கறா" என்று நாத்தனார் ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள், படக்காரி காதில் விழும்படி. நேராகப் பேச வேண்டிய விஷயம் வந்தால் நடுவில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் படக்காரியின் கணவன். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் தொழில். பகலெல்லாம் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டிக்குள்ளிருந்து மனிதர்களை வெளியே இழுப்பான். வீட்டுக்கு வந்ததும் தானே அப்படி மாட்டிக்கொள்வான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அடித்தால் மத்தளத்திலாவது சத்தம் வரும், இவனிடம் அதுவும் வராது.

படக்காரி என்ற பெயர் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் வைத்தது. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் படம் போட்டுத் தருவது அவள் தொழில். பில்டர் வெறும் கோடுகளாகப் பிளானைக் கொண்டுவந்து கொடுப்பார். அதற்குச் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, காலை வெயிலை ஒரு பக்கமாக விழவைத்து, மாடிப்படி ஓரத்தில் ஒரு பூந்தொட்டியையும் வைத்துவிடுவாள். அதைப் பார்த்தால் வாங்க வந்தவர்கள் உடனே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகத் தயாராகிவிடுவார்கள். இதை எந்தக் கல்லூரியிலும் அவள் படிக்கவில்லை. பில்டர் அலுவலகத்தில் டைப் அடிக்கப் போனவள், பக்கத்து மேஜையில் மற்றவர்கள் செய்த தப்புகளைப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அதனாலோ என்னவோ, தப்பு என்பது பக்கத்து மேஜையில் மட்டும் நடக்கிற சங்கதி என்று அவளுக்கு மனதில் பதிந்துவிட்டது.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ஒரு தடவை ஒரு வீட்டுப் படத்தில் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரிப் போட்டுவிட்டாள். திறந்தால் நேரே சமையலறை வாசலில் வந்து இடிக்கும். பில்டர் காட்டினார். "கை தவறிடுச்சு சார்" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிகிற கதை. இவளோ, காற்றோட்டத்துக்கு அதுதான் நல்லது என்று ஆரம்பித்து, அறை நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு பேசிப் பேசி, கடைசியில் பில்டரே களைத்துப்போய் அப்படியே கட்டச் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு வருகிறவர்களின் நெற்றி இன்றைக்கும் வீங்கிக்கொண்டிருக்கிறது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஆள். மீசை இல்லாதது ஒன்றுதான் குறை.

இப்பேர்ப்பட்டவளுக்கு வாய்த்த கம்ப்யூட்டரும் லேசுப்பட்டதில்லை. பாகம் பாகமாக வாங்கி அவளே பூட்டியது. உள்ளே இருந்த பிராசசர் பெரிய வேலைக்காரன். ஒரு படத்தை முடிக்க வெளிச்சத்தின் ஒவ்வொரு கோடும் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்குத் தொடங்கியதும் பிராசசர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். அதை ஆற்றுவதற்காக ஃபேன்கள் தலைதெறிக்கச் சுற்றும். மாவு மில் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கும். அறையோ ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஓர் ஆள் என்ற அளவு. மேஜை ஒட்டியிருந்த சுவருக்கு அந்தப் பக்கம் நாத்தனாரின் கட்டில், சரியாகத் தலைமாடு. நாத்தனாருக்கு ராத்திரி டியூட்டி, பகலில்தான் தூக்கம். படக்காரிக்குப் பகலில்தான் வேலை. இருக்கிற பெரிய படங்களையெல்லாம் நாத்தனார் படுத்த பிறகுதான் ஓடவிடுவாள். வேலை அவசரம் என்பாள். அதில் பாதிதான் உண்மை.

ஒரு நாள் நாத்தனார் எழுந்து வந்தாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அரை நாள் வேலை புகையாய்ப் போயிற்று.

"மெயினை எவ அணைச்சது?" என்று படக்காரி நடுக்கூடத்தில் நின்று கத்தினாள்.

"மனுஷி தூங்கற வீட்டுல மில்லு ஓட்டக் கூடாது" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இந்த மில்லு ஓடறதாலதான் உங்க தம்பி வீட்டுல அடுப்பு எரியுது."

"எரியட்டும். என் தலைமாட்டுல ஏன் எரியணும்?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் திடீரென்று ஒரு நல்ல செய்தி வந்து விழுந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் நாத்தனாருக்கு வேலை. சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த நாட்டு மொழியில் பேசத் தெரியுமா என்று ஒரு தேர்வு. கம்ப்யூட்டர் வழியாக நேரடியாகப் பேச வேண்டும். தனி அறை, மூடிய கதவு, ஒயர் மூலம் வருகிற இன்டர்நெட், துளி இரைச்சல் கூடாது. நடுவில் இணைப்பு அறுந்தால் தேர்வு செல்லாது. அடுத்த வாய்ப்பு பல மாதம் கழித்துத்தான். அதுவரை ஆஸ்பத்திரி காத்திருக்காது. வரிசையில் அடுத்து நிற்கிறவளுக்கு வேலை போய்விடும்.

செய்தி கேட்ட அன்று படக்காரி, கணவன் கேட்காமலே இரண்டாவது தடவை அவனுக்குச் சாப்பாடு போட்டாள். நாத்தனார் போகப் போகிறாள்! கட்டில் போகும், இருமல் போகும், ஜன்னலைப் பார்த்துச் சொல்லும் குத்தல் பேச்சு போகும். அந்த அறைக்கு மேஜையை மாற்றிக்கொண்டால் இரண்டு ஜன்னல் கிடைக்கும். சாமிகூட இவ்வளவு தெளிவாக ஒரு வரம் கொடுத்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் நாத்தனாரின் பழைய லேப்டாப்பைத் தேர்வுக்காரர்களின் சோதனை முதல் படியிலேயே தள்ளிவிட்டது. வீட்டில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டர் எது என்று சொல்லத் தேவையில்லை.

"அக்கா ஒரு விஷயம் கேக்கறா..." என்று லிஃப்ட்காரன் கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"ஏன், அவங்களுக்கு வாய் இல்லையா? மத்த நேரத்துல இருக்கே."

நாத்தனாரே வந்து வாசல்படியில் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"நான் போயிட்டா உனக்கு நல்லதுதானே?"

"ரொம்ப நல்லது, அண்ணி."

"அப்ப கம்ப்யூட்டரைக் குடு."

"எடுத்துக்கோங்க. போறவரைக்கும் எடுத்துக்கோங்க."

பல வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒளிவுமறைவில்லாமல் பேசிக்கொண்டது அதுதான்.

சோதித்துப் பார்க்கிற பக்கத்தைத் திறந்து நாத்தனார் மைக்கில் நாலு வாக்கியம் பேசினாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் உறுமியது. திரையில் சிவப்பாக ஓர் எச்சரிக்கை வந்தது: அறையில் இரைச்சல்.

"உன் மில்லு என்னைத் தூங்கவும் விடாது, போகவும் விடாது போல" என்றாள் நாத்தனார்.

பெரிய ஃபேனாக, சத்தமில்லாததாக வாங்கி மாட்டினால் தீர்ந்தது என்று பில்டர் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். படக்காரிக்கு அது பிடிக்கவில்லை. கடைக்குப் போய் வாங்கி மாட்டுவதை எவன்தான் செய்ய மாட்டான்? சூடு இருப்பதால்தானே ஃபேன் கத்துகிறது, சூட்டையே குறைத்தால் அது ஏன் கத்தப் போகிறது என்பது அவள் வாதம். வாதத்தில் தப்பில்லை. அவள் வாதங்களில் எப்போதும் தப்பு இருக்காது, அதுதான் அவளோடு இருக்கிற கஷ்டம்.

பிராசசரைச் செய்கிறவர்கள் ஒவ்வொன்றையும் கடைசிச் சொட்டுவரை அளப்பதில்லை. இருப்பதிலேயே நோஞ்சானுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அதை மனதில் வைத்து, எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். அந்தத் தாராளம்தான் சூடாக வெளியே வருகிறது. அதைக் குறைத்தால் வேகம் குறையாமலே சூடு இறங்கும். எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் எங்கேயும் எழுதியிருக்காது. அளவு மீறினால் பிராசசர் தப்புக் கணக்குப் போடும், இல்லாவிட்டால் மொத்தமாகக் கண்ணை மூடிவிடும். ஆகவே கொஞ்சம் குறை, ஓட்டிப் பார், இன்னும் குறை, ஓட்டிப் பார், விழுந்தால் ஒரு படி திருப்பிக் கொடு. பொறுமை இருக்கிறவர்கள் செய்கிற வேலை. படக்காரிக்குப் பொறுமை கிடையாது. ஆனால் ஒரு ஆளைக் கிளப்ப வேண்டும் என்கிற வெறி இருந்தது, அது பொறுமையைவிட நன்றாகவே வேலை செய்தது.

கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும் முன்பே ஒரு பட்டனை அழுத்தினால் பயாஸ் என்கிற அடிப்படை அமைப்புக்குள் போகலாம். அங்கே போய் எல்லாக் கோர்களுக்கும் வோல்ட்டைப் பத்துப் படி குறைத்தாள். கோர் என்றால் வேறொன்றுமில்லை, ஒரே பிராசசருக்குள் தனித்தனியாக உழைக்கிற ஆட்கள், ஒரே சமையலறையில் பல பேர் நிற்பது மாதிரி. பிராசசரை வாட்டி எடுப்பதற்கென்றே ஒரு புரோகிராம் உண்டு. எல்லாக் கோர்களையும் முழு மூச்சில் ஓடவிட்டு, போட்ட கணக்கு சரியா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதை ஓட்டினாள். விழவில்லை, சூடு இறங்கியிருந்தது. இருபது படி குறைத்தாள். இன்னும் இறங்கியது. முப்பது என்று வைத்ததும் திரை நீலமாகிச் செத்துப்போயிற்று.

"செத்துடுச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆவலோடு ஒரு குரல் கேட்டது.

"இல்ல, மயக்கம். உங்க ஆஸ்பத்திரி மாதிரி இல்ல, இங்க எழுப்பிடலாம்."

அதற்குப் பிறகு கோர் கோராகப் பிரித்து உட்கார்ந்தாள். எது முதலில் தப்புக் கணக்குப் போடுகிறதோ அதற்கு மட்டும் இரண்டு படி திருப்பிக் கொடுப்பாள், மற்றவற்றை அப்படியே பிடித்து வைப்பாள். ஒரு கோர் எதைச் செய்தாலும் தடுக்கி விழுந்தது. "இது உங்க அக்கா மாதிரி, தொட்டாலே மூஞ்சியைத் தூக்குது" என்று கணவனிடம் சொன்னாள். அவன் யாருக்கும் கேட்காத மாதிரிச் சிரித்தான். பில்டர் இரண்டு முறை கூப்பிட்டு, படம் என்னாயிற்று என்று கேட்டார். வீட்டில் ஒரு முக்கியமான வேலை நடக்கிறது என்றாள்.

பலன் கிடைத்தது, பொய் சொல்லக் கூடாது. முழு வேலையிலும் சூடு எழுபதைச் சுற்றியே நின்றது. ஃபேன் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டது. நாத்தனார் பகலில் அசந்து தூங்கினாள். எழுந்து வந்தபோது முகத்தில் கொஞ்சம் தெளிவுகூட இருந்தது. நன்றி சொல்லவில்லை. "என்ன, மில்லை மூடிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த அமைப்பிலேயே படக்காரி சில நாள் தன் வேலையையும் செய்தாள். கோடு போட்டாள், மெயில் பார்த்தாள், படம் ஓட்டினாள். எதுவும் விழவில்லை. அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலை இல்லை.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் டியூட்டி முடிந்து வந்த கையோடு நாத்தனார் கடைசியாக ஒரு முறை சோதித்துப் பார்க்க உட்கார்ந்தாள். எல்லாம் பச்சை. ஆனால் நடுவில் ஒரே ஒரு தடவை ஃபேன் 'உர்ர்' என்று எழும்பி அடங்கியது.

"உறுமிச்சு" என்றாள் நாத்தனார்.

"ஒரு செகண்டு."

"அந்த ஒரு செகண்டுல அவங்க சிவப்பு காட்டிட்டா?"

"காட்டாது."

"உன் வேலையில ஒரு குறை சொன்னா போதும், உடனே காட்டாது, இடிக்காதுன்னு ஆரம்பிச்சுடுவே. அந்தக் குளியலறைக் கதவு மாதிரி."

கதவுக் கதையைக் கணவன்தான் அக்காவிடம் உளறியிருக்கிறான் என்பது படக்காரிக்கு உடனே தெரிந்தது. அவனுக்கு அப்புறம் இருக்கிறது. இப்போது இவளுக்குக் காட்ட வேண்டும். மூச்சுச் சத்தம்கூடக் கேட்காத மாதிரிச் செய்து காட்ட வேண்டும். அவள் வாயை அடைக்காமல் விமானம் ஏற்றினால் அது என்ன வெற்றி!

அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது ஏதாவது ஒரு சின்ன வேலை வந்தால், ஒரே ஒரு கோர் மட்டும் சட்டென்று உச்ச வேகத்துக்குத் தாவி அதை முடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அந்தத் தாவலில் சூடு ஒரு நொடி எகிறும், ஃபேன் பதறும். தாவுகிற வேலையை எப்போதும் செய்வது இருப்பதிலேயே சிறந்த இரண்டு கோர்கள்தான். எது சிறந்தது என்று கம்ப்யூட்டரே நட்சத்திரம் போட்டுக் காட்டும். படக்காரி அந்த இரண்டையும் பிடித்தாள். நன்றாக உழைக்கிற கோர்தானே, இன்னும் குறைத்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டு, மற்ற எதற்கும் குறைக்காத அளவு அந்த இரண்டுக்கும் குறைத்தாள். ஊரில் எல்லா முதலாளியும் போடுகிற கணக்குதான் இது.

பிறகு அந்த வாட்டுகிற புரோகிராமை ஓடவிட்டாள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை எல்லாக் கோர்களும் முழு மூச்சில் ஓடின. ஒரு தடுமாற்றம் இல்லை, ஒரு தப்புக் கணக்கு இல்லை. நாத்தனார் எழுந்து டியூட்டிக்குக் கிளம்பும்போது கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க. காலையிலேருந்து அடி வாங்குது. அசையல."

நாத்தனார் பெட்டிப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளுக்குள் லேசான காற்றுச் சத்தம்தான்.

"நாளைக்கு நடுவுல விழுந்துடாதுல்ல?"

"இவ்ளோ அடிக்கே விழல. சும்மா உக்காந்து பேசறதுக்கா விழப்போகுது? என் பேச்சை நம்புங்க."

நாத்தனார் நம்பினாள். அதுதான் அவள் செய்த ஒரே தப்பு. படக்காரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நாளைக்குத் தேர்வுவரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி அறையைப் பூட்டினாள்.

மறுநாள் காலை நாத்தனார் ராத்திரி முழுக்க நின்ற காலோடு வந்து, குளித்து, இஸ்திரி போட்ட உடை உடுத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேமரா முன்னால் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். படக்காரி ஒயரைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்பை அணைத்தாள். குழாயை இறுக்கினாள். கணவனை முன்னாலேயே வேலைக்குத் துரத்திவிட்டிருந்தாள், அவன் தும்மினாலும் தும்முவான். வாயை மூடிக்கொண்டு சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

கதவு வழியாக நாத்தனாரின் குரல் கேட்டது. பாஷை புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. நிதானமாக, கனிவாக, அவசரமே இல்லாமல். வலியில் கிடக்கிறவர்களிடம் பேசுகிற குரலாக இருக்க வேண்டும். இந்த வீட்டில் யாருக்கும் அது கிடைத்ததில்லை. நன்றாகத்தான் பேசுகிறாள், தேறிவிடுவாள் என்று படக்காரிக்குச் சந்தோஷம் பொங்கியது. வேறு யார் ஜெயித்தாலும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

பேச்சு நின்றது. எதிர்ப்பக்கம் கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்தாள்.

"ஹலோ" என்றது உள்ளேயிருந்து குரல். பிறகு கொஞ்சம் உரக்க, "ஹலோ?"

படக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். திரை கறுப்பாக இருந்தது. நீலம்கூட இல்லை, எச்சரிக்கை எதுவும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் ஒன்றும் நடக்காதது மாதிரித் தானாகவே திரும்ப எழுந்து, பாஸ்வேர்டு கேட்கிற முதல் பக்கத்தைக் காட்டிற்று.

தேர்வுக்காரர்கள் போனில் விதியைப் படித்துக் காட்டினார்கள். இடையில் அறுந்தது அறுந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் எழுதினாள். மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள், இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாத்தனார் கத்துவாள் என்று படக்காரி காத்திருந்தாள். கத்தினால் பதிலுக்குக் கத்தலாம், அதற்கு வாய் தயாராகவே இருந்தது. நாத்தனார் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கோளாறு இன்டர்நெட்டாக இருக்க வேண்டும் என்று படக்காரி தேடினாள், இல்லை. கரண்டாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்; கடிகாரமும் குளிர்பெட்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் கம்ப்யூட்டரை எதுவும் செய்யாமல் சும்மா விட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே படக்கென்று அணைந்து எழுந்தது. மறுபடியும் சும்மா விட்டாள். மறுபடியும் விழுந்தது. வாட்டுகிற புரோகிராமை ஓடவிட்டாள். மலை மாதிரி நின்றது.

அப்போதுதான், இந்த வேலையைச் செய்தவர்கள் இன்டர்நெட்டில் எழுதி வைத்திருந்ததை உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். முழு வேலையில் எல்லாக் கோர்களும் சேர்ந்து ஓடும்போது வேகத்தைத் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொள்ளுமாம். அந்த வேகத்துக்கு அவள் விட்டுவைத்த வோல்ட் போதும். சும்மா இருக்கும்போது ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவுகிறதே, அந்த நொடிக்குத்தான் போதாது. அதிலும் நட்சத்திரக் கோர்கள் நன்றாக ஓடும் என்பதாலேயே பிராசசரைச் செய்தவர்களே அவற்றுக்கு முதலிலேயே வோல்ட்டைக் குறைத்துத்தான் கொடுத்திருப்பார்களாம். மேற்கொண்டு கறக்க அங்கே ஒன்றும் கிடையாது. சும்மா விட்டும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அடித்து மட்டும் பார்த்தாள் அவள். யாரையும் சும்மா விட்டுப் பார்க்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

சாயங்காலம் லிஃப்ட்காரன் வந்தான். அக்கா போனில் "முடிஞ்சுது" என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தாளாம். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வேணும்னுதானே செஞ்சே?"

அவன் கத்தி அவள் கேட்டதில்லை. கத்தத் தெரியாதவன் கத்தினால் குரல் பாதியில் உடைந்து கீச்சென்று போகும். அப்படிப் போயிற்று.

"நேத்து என்னமோ மாத்திட்டு இருந்தே, நான் பாத்தேன். அவ நல்லாருந்துடக் கூடாதுன்னுதானே? சொல்லு. வேணும்னுதானே செஞ்சே?"

படக்காரிக்கு உண்மை தெரியும். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தப்பாகச் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். மூன்றே வாக்கியப் பேச்சு. ஆனால் பிறந்ததிலிருந்து அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, நாக்குக்குப் பழக்கமே இல்லை. அதுவும் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியல என்று அவள் காதில் விழச் சொல்வதா? அதைவிடப் பாவி என்று பெயர் வாங்கலாம். பாவிக்காவது கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

"ஆமா" என்றாள். "வேணும்னுதான் செஞ்சேன். என்ன இப்ப?"

லிஃப்ட்காரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நம்பிவிட்டான். காய்கறி வாங்கி வந்தேன் என்றால்கூடப் பையைத் திறந்து பார்க்கிறவன், இதைச் சொன்ன மாத்திரத்தில் நம்பிவிட்டானே என்று அவளுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

கதவு திறந்தது. நாத்தனார் டியூட்டி உடையில் நின்றாள். அழுது முகம் கழுவியிருந்தாள்.

"அவ பொய் சொல்றாடா" என்றாள் தம்பியிடம்.

"நீ சும்மா இரு அக்கா. அவளே ஒத்துக்கறா."

"நான் போகணும்னு இந்த வீட்டுல என்னைவிட அதிகமா ஆசைப்பட்டவ இவ. முந்தா நாள் என் ரூமை டேப் வெச்சு அளந்தா, நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு. கட்டில் எடுத்தா மேஜை நிக்குமான்னு பாத்தா. இவளா என் பரீட்சையைக் கெடுப்பா?" பிறகு பல வருஷத்தில் முதல் தடவையாகப் படக்காரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "உனக்கு அந்த வேலை தெரியல. தெரிஞ்ச மாதிரி ஆடினே. அவ்வளவுதான்."

"இல்ல! வேணும்னுதான் செஞ்சேன்!" தொண்டை கிழியக் கத்தினாள் படக்காரி. "உங்களுக்கு நல்லது நடக்கக் கூடாதுன்னுதான் செஞ்சேன்!"

"முழுசாத் தெரியலன்னு ஒரு வார்த்தை நேத்தே சொல்லியிருந்தா, நான் எங்கயாவது கையைக் காலைப் பிடிச்சு வேற கம்ப்யூட்டர் வாங்கியிருப்பேன்" என்றாள் நாத்தனார். "இந்நேரம் நீயும் நிம்மதியா இருந்திருப்பே."

நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனாள். மறுநாள் காலையில், எப்போதும்போல, அதே வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.